விருது விழாவில் காணாமல் போன மூன்று நிமிடம்

வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நானும் என் தோழியும் எங்கள் போன்களை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிடுவோம். பெருங்களத்தூரில் அவள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பெரிய டின் அது. முந்தின ராத்திரிதான் ஸ்பெயினில் அந்த நாட்டுச் சினிமாவுக்கான விருது விழா முடிந்திருக்கும். யார் யாருக்கு விருது என்று ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்திருக்கும், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியக் கூடாது. அவள் ரெக்கார்ட் செய்து வைத்ததை டிவியில் போட்டு, அந்த நிமிடம்தான் நடக்கிறது என்கிற மாதிரி உட்கார்ந்து பார்ப்போம். நடுவில் எவராவது ஒரு மெசேஜ் அனுப்பி ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அரிசி டின்.

அஸ்தினாபுரத்தில் குடியிருக்கிற உனக்கு ஸ்பெயின் சினிமாவில் என்ன வேலை என்று என் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் கேட்டாயிற்று. வயிற்றுப்பிழைப்பில் வந்த வினைதான். நாங்கள் இருவரும் ஒரே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தோம். வெளிநாட்டு இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைப் படித்துத் தரம் பிரிக்கும் வேலை. ஸ்பானிஷ் கற்றுக்கொண்டால் சம்பளம் கூடும் என்று சொல்லி ஆபீசிலேயே மூன்று மாதம் வகுப்பு வைத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது, தண்ணீர்க் குழாய் வெடித்தது, கார் கண்ணாடி உடைந்தது. எங்கள் ஸ்பானிஷ் இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது. இடுப்பு முறியாத நேரத்தில் இந்த ஜனங்கள் என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் படம் பார்க்க ஆரம்பித்தோம். அப்படியே அதில் விழுந்துவிட்டோம்.

அவள் என்னைவிட நான்கு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். பிறகு அவள் சிறுசேரிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுடையதாகவே இருந்தன. குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் பெருங்களத்தூர் மூன்றாவது ஸ்டேஷன். பத்து வருடம் அந்த ரயிலில் போயிருக்கிறேன்.

விழா நாளில் எங்களுக்கென்று சில சடங்குகள் உண்டு. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் கோடு போட்டு எல்லா விருதுகளையும் வரிசையாக எழுதுவேன். சிறந்த படம், நடிகை, ஒலிப்பதிவு, உடை, ஒப்பனை என்று ஒன்று விடாமல். யாருக்குக் கிடைக்கும் என்று ஆளுக்கு ஒரு பத்தியில் எழுதி வைப்போம். தோற்றவள் அடுத்த வருடம் டிபன் செய்ய வேண்டும். பத்து வருடத்தில் எட்டு வருடம் நான்தான் ஜெயித்தேன். எனக்கு இதில் ஒரு தனி மூக்கு இருக்கிறது என்று கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இன்னொரு சடங்கு கைதட்டுவது. அந்த விழாவில் விருது வாங்குகிறவர்கள் அம்மாவுக்கு நன்றி, ஊருக்கு நன்றி என்று பேசிக்கொண்டே போவார்கள். நேரம் தாண்டினால், போதும் இறங்கு என்பதற்கு அடையாளமாக இசையை எழுப்புவார்கள். இசை ஆரம்பித்த பிறகுதான் பாவம் அவர்களுக்கு மிச்சப் பேர்கள் எல்லாம் ஞாபகம் வரும். 'அவர் இல்லாவிட்டால் முடிந்திருக்காது' என்று ஓட்டமாகச் சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். இசையில் அந்தப் பேர் காதில் விழாது. காதில் விழாத அந்தப் பேர்களுக்கு நாங்கள் இருவரும் எழுந்து நின்று கைதட்டுவோம்.

எல்லாம் முடிந்ததும் அவள் பூஜை அறையிலிருந்து பித்தளைச் சொம்பை எடுத்து வருவாள். அதுதான் எங்கள் விருதுச் சிலை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு நன்றியுரை, ஸ்பானிஷில். என் உரை எல்லா வருடமும் அவள் பேரில் முடியும். அவளுடையது என் பேரில் முடியும். அவள் பிள்ளைகள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

போன வருடம் ஆரம்பத்தில் அவள் ஒரு சேதி கொண்டுவந்தாள். ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில் ஒரு பெண் தன் முதல் படத்தை எடுத்திருக்கிறார். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் இரண்டு பெண்களின் கதை. பொத்தேரியில் ஒரு கல்லூரித் திரைப்படக் குழுவினர் வெளிநாட்டுப் படம் ஒன்றைத் தமிழ் சப்டைட்டிலோடு போட ஆசைப்படுகிறார்கள். நாம் செய்து கொடுத்தால் என்ன என்று கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் அடுத்தவர்கள் மேடை ஏறுவதை சோபாவில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஒரு படத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் என் பேர் வரும் என்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஆமாம், பேர்தான். எனக்குப் பேராசை எல்லாம் கிடையாது, ஒரு வரி போதும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். தமிழில் எழுதுவது நான். எந்த வரி எந்த நொடியில் திரையில் வந்து எந்த நொடியில் மறைய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பொருத்துவது அவள். இயக்குநருக்கு மெயில் எழுதுவதும் அவள்தான். அவளுக்குத் தைரியம் அதிகம், இரண்டு நிமிடத்தில் ஒரு மெயில் தட்டிவிடுவாள். எனக்கு ஒரு வரி எழுத ஒரு மணி நேரம் ஆகும், பிறகு அதையும் அழித்துவிடுவேன். அதனால் எல்லா மெயிலும் அவள் முகவரியிலிருந்தே போயிற்று, பதிலும் அவளுக்கே வந்தது. 'ரொம்ப நல்ல மாதிரிக்கா அவங்க' என்று எனக்கு வாயால் சொல்வாள். நான் ஒன்றைக்கூடப் படித்துப் பார்த்ததில்லை. படித்துப் பார்க்கிறேன் என்று கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்காதா.

ஏழு மாதம். ஆபீஸ் போகிற ரயிலில், குக்கர் விசில் வருவதற்குள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, எப்போதும் கையில் ஒரு நோட்டு. படத்தில் ஒரு இடம் வருகிறது. சின்னவள் வேலை செய்கிற மேடையிலேயே அழுவாள். பெரியவள், உட்காரு, ஐஸ் மேல் அழாதே என்பாள். 'அமர்ந்துகொள் பெண்ணே, பனிக்கட்டியின் மீது கண்ணீர் சிந்தாதே' என்று முதலில் எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. ஸ்கூல் ஆண்டுவிழா நாடகத்தில் ராணி பேசுகிற மாதிரி இருந்தது.

எங்கள் தெருவுக்குக் காலையில் மீன் கொண்டுவருகிற அம்மா ஒருவர் உண்டு. குரோம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்கி, முனையில் இருக்கும் அயர்ன் வண்டிப் பக்கத்தில் உட்காருவார். ஒரு நாள் அங்கே யாரோ ஒரு பெண் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். மீன்கார அம்மா செதில் சீவுவதை நிறுத்தாமல் சொன்னார்.

"சும்மா குந்துமே. மீனு மேல அழுவாத."

நான் நெத்தலிக்கு நீட்டிய பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஓடிவந்து நோட்டில் எழுதினேன். அன்றிலிருந்து மீன் வாங்குகிறேன் என்று சொல்லி தினமும் அரை மணி நேரம் அந்த முனையில் நிற்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் வாரம் ஐந்து நாள் மீன் குழம்பு. படத்தின் பெரியவள் அந்த அம்மாவின் வாயால்தான் தமிழ் பேசினாள். வைவது, கொஞ்சுவது, அலுத்துக்கொள்வது எல்லாமே. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போய் தோழியிடம் சொல்லுவேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்.

நவம்பரில் பொத்தேரியில் படம் போட்டார்கள். அறுபது, எழுபது பிள்ளைகள் இருப்பார்கள். 'சும்மா குந்துமே, ஐஸ் மேல அழுவாத' என்று திரையில் வந்தபோது அரங்கமே சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே வரி இன்னொரு முறை வரும், அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை, என் பக்கத்தில் இருந்த பெண் துப்பட்டாவை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் 'தமிழில்' என்று போட்டு என் பேரும் அவள் பேரும் வந்தன. நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் சிரித்ததை அவள் வீடியோ எடுத்து இயக்குநருக்கு அனுப்பினாள்.

ஜனவரியில் பரிந்துரைப் பட்டியல் வந்தது. சிறந்த புதுமுக இயக்குநர் வரிசையில் எங்கள் ஆள் இருந்தார். அவள் போனில் கத்திய கத்தலில் என் பக்கத்து சீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

விழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் அவள்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தின வருடமும் நான்தான் ஜெயித்திருந்தேன். பொங்கல் செய்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. தூக்கம் இல்லையா என்றேன். சின்னவனுக்கு இருமல் அக்கா என்றாள். போன்கள் அரிசிக்குள் போயின. விழா ஓடிற்று. நான் காலண்டர் தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். புதுமுக இயக்குநர் விருதை அறிவிக்க ஒரு நடிகர் மேடைக்கு வந்தார். நான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். படம் ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்து மேடையில் வேறு இரண்டு பேர் நின்று ஒப்பனைக்கான விருதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயையோ, நெட் கட் ஆயிருக்கும் போலக்கா. அந்த இடம் ரெக்கார்ட் ஆகலை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றரை மணி நேரம் ஓடுகிற விழாவில் நெட்டுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை. அவளே அரிசி டின்னிலிருந்து போனை எடுத்தாள். பத்து வருடத்தில் முதல்முறையாக நடுவில் எடுத்தாள். பார்த்துவிட்டு, "அவங்களுக்குத்தான்க்கா கெடைச்சிருக்கு" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் தோளில் ஓவென்று அழுதேன். நானே போய்ச் சொம்பை எடுத்து வந்து, வழக்கம்போல அவள் பேரைச் சொல்லி உரையை முடித்தேன். அவளிடம் நீட்டினேன். "இன்னிக்கு வேணாம்க்கா, தலை வலிக்குது" என்றாள். அவர் என்ன பேசினார் என்று தேடி அனுப்புகிறேன் என்றும் சொன்னாள்.

இரண்டு நாள் பொறுத்தேன். அவள் அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து நானே தேடினேன். தேட வேண்டியதே இல்லை, அந்த வீடியோ முதலிலேயே வந்து நின்றது. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட.

இயக்குநர் அம்மாவுக்கு நன்றி சொன்னார். ஆலைப் பெண்களுக்கு நன்றி சொன்னார். பிறகு நிமிர்ந்து, இந்தியாவில், சென்னையில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், நான் அவளை நேரில் பார்த்ததில்லை என்றார். என் படத்தின் பெண்களுக்கு அவள் தன் தெருவின் பேச்சைக் கொடுத்தாள் என்றார். தினமும் காலையில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் கூடைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று, சொல் சொல்லாகக் கேட்டு எழுதினாளாம், அவள் வீட்டில் வாரம் ஐந்து நாள் மீன் குழம்பாம். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தியமாகச் சிரித்தேன். பிறகு இயக்குநர் ஒரு காகிதத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, என் தோழியின் பேரைச் சொன்னார்.

மறுபடி போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதே பேர்தான். என் பேர் அவள் பேரைவிடச் சின்னது, சொல்லியிருந்தால் அவருக்கு வாயும் வலித்திருக்காது. இரண்டு ரயில் வந்து போயின. கூட்டம் இறங்கி என் முட்டியை இடித்துக்கொண்டு போயிற்று. நான் மீன் வாங்கினதும், நான் நின்றதும், என் வீட்டுக் குழம்பும் அவளுடையதாக ஆகியிருந்தன. பேரை மட்டும் எடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் காலைகளை அல்லவா எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் மீனே சமைப்பதில்லை. நாற்றம் ஆகாது என்பாள்.

அப்புறம்தான் அந்தத் துள்ளல் ஞாபகம் வந்தது. நெட் போனால் படம் தேங்கும், சுழலும். இது அப்படி இல்லை. அறிவிக்க வந்த நடிகர் வாயைத் திறக்கும் நொடியில் சரியாக வெட்டி, அடுத்தவர்கள் வாயைத் திறக்கும் நொடியில் சரியாக ஒட்டியிருந்தது. ஏழு மாதம் என் வரிகளை நொடி பிசகாமல் பொருத்தின அதே கை.

அடுத்த ரயிலிலேயே பெருங்களத்தூர் போனேன். வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினாள். பிள்ளைகள் ட்யூஷன் போயிருந்தார்கள்.

"பாத்துட்டீங்களாக்கா?"

"பாத்துட்டேன். என் தலையில மொளகா அரைக்கிறதுக்கு ஏன் இவ்ளோ கஷ்டப்பட்ட? வெட்டுறது, ஒட்டுறதுன்னு."

"நான் வேணும்னு பண்ணலக்கா." அவள் டைனிங் டேபிளில் உட்கார்ந்துவிட்டாள். "முதல் மெயில்ல நம்ம ரெண்டு பேர் பேரையும்தான் எழுதினேன். அவங்க அதைக் கவனிக்கல. எனக்கு மட்டும் பதில் எழுதினாங்க, உன் நாள் எப்படிப் போச்சு, உன் ஊர் எப்படி இருக்கும்னு. எனக்கு அப்படி யாருக்கா எழுதியிருக்காங்க? ஆபீஸ்ல பேர்கூட இல்லாம டிக்கெட் நம்பர் போட்டுதான் மெயில் வரும். என் நாள்ல சொல்ற மாதிரி ஒண்ணுமே இல்ல. நீங்க ஞாயித்துக்கிழமை வந்து சொல்றதுதான் இருந்துச்சு. அதை எழுதிட்டேன்."

"என்னோடதுன்னு தெரிஞ்சே எழுதின."

"ஒரு தடவை எழுதிட்டேன். அப்புறம் எப்படி மாத்துறது? மேடையில சொல்வாங்கன்னு கனவுலகூட நெனைக்கல. சனிக்கிழமை பாத்துட்டு எனக்கு உயிரே போயிடுச்சு."

"சனிக்கிழமையா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் விடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். என் வீட்டுக்காரரைக் கேட்டால் அதுதான் பயம் என்பார். மெதுவாகத்தான் கேட்டேன். அவள் சொன்னாள். அவள் எல்லா வருடமும் விழாவை நேரலையிலேயே பார்த்துவிடுவாளாம், முதல் வருடத்திலிருந்தே. பொறுக்க முடியாதாம். விடியற்காலை வரைக்கும் பார்த்துவிட்டு, காலையில் என்னோடு சேர்ந்து போனை அரிசியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி உட்காருவாளாம்.

"அப்ப எட்டு வருஷம் நீ எப்படித் தோத்த?"

"நீங்க ஜெயிச்சா அவ்ளோ சந்தோஷப்படுவீங்கக்கா."

காலண்டர் தாளில் அவள் பத்தியை எப்போதும் எனக்கு அப்புறம்தான் எழுதுவாள். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எதை எழுதுகிறேன் என்று பார்த்து, எங்கே தோற்க வேண்டுமோ அங்கே தோற்றிருக்கிறாள். என் மூக்கு, என் கர்வம், அவள் வாயில் கை வைத்து 'அய்யோ' என்று துள்ளியது, எல்லாம் எனக்குக் காதில் சுற்றின பூ. பேர் போனது ஏழு மாத உழைப்பு. இது பத்து வருடம். எதை நம்பி நான் அந்த வீட்டில் அழுதேன், சிரித்தேன் என்றே தெரியவில்லை.

"அவங்களுக்கு எழுதி உண்மையைச் சொல்லு" என்றேன்.

"சொல்றேன்க்கா" என்றாள்.

மூன்று வாரம் சொல்லவில்லை. நான் உட்கார்ந்து நானே எழுதினேன். ஐந்து வரி எழுத ஒரு முழு சனிக்கிழமை ஆயிற்று. வாழ்த்துச் சொன்னேன். தமிழ் வரிகளை எழுதியது நான், நேரத்தைப் பொருத்தியது என் தோழி, மீன்கார அம்மா எங்கள் தெருவுக்கு வருபவர் என்று எழுதினேன். யாரையும் திட்டவில்லை. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் திட்டவும் வராது, இடுப்பெலும்பைத்தான் முறிக்க முடியும்.

இரண்டு நாளில் பதில் வந்தது. இயக்குநர் எங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதியிருந்தார். ரொம்பப் பண்பாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது, உங்களோடு இவரும் வேலை செய்தாரா என்று என் தோழியைக் கேட்டிருந்தார். அன்று சாயங்காலமே அவள் பதில் போட்டாள், எனக்கும் ஒரு பிரதியோடு. ஆமாம், இவர் எனக்கு அக்கா மாதிரி, நிறைய உதவி செய்தார், அவர் இல்லாவிட்டால் முடிந்திருக்காது.

அவர் இல்லாவிட்டால் முடிந்திருக்காது. இதே வாக்கியத்தை இசை எழும்பிய பிறகு அந்த மேடையில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எழுந்து நின்று கைதட்டியிருக்கிறோமே. இயக்குநர் அவர்கள் ஊர் வழக்கப்படி எனக்கும் சேர்த்து ஒரு முத்தம் அனுப்பி மெயிலை முடித்துக்கொண்டார். அதற்கப்புறம் நான் எழுதவில்லை. அவளுக்குப் போன் செய்யவும் இல்லை. அவள் செய்தால் எடுக்கவும் இல்லை.

மறுநாள் காலை மீன் வாங்கப் போனேன். மூன்று வாரத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகவில்லை.

"இன்னாமா, ஆளையே காணோம். மூஞ்சி வேற ஒரு மாரி கீது?" என்றார் அந்த அம்மா.

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். குந்து என்றார், அயர்ன் வண்டிக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். படம், ஸ்பெயின், விருது, மேடை, தோழி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சங்கரா மீனைத் திருப்பித் திருப்பிச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டார். நான் எழுதினதை அவள் தன்னுடையது என்று சொல்லிவிட்டாள் என்று முடித்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ எழுதனது சரி. பேசனது யாரு?"

எனக்குச் சுருக்கென்றது.

"நான் பேசறதத்தான நீ எய்தினுபோயி போட்டுக்கீற? என் பேரு வந்துச்சா அதுல?"

கோபமாகக் கேட்கவில்லை. சங்கரா எத்தனை வேண்டும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். வரவில்லை என்று சொன்னேன். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. பன்னிரண்டு வருடமாக மீன் வாங்குகிறேன், அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் கேட்டேன்.

மேலே வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, சப்டைட்டில் கோப்பின் கடைசி வரிக்குப் போனேன். என் பேர், அதற்கடுத்து என் தோழியின் பேர். 'பேச்சு' என்று ஒரு வரி சேர்த்து மீன்கார அம்மாவின் பேரை முதலில் போட்டேன். தோழியின் பேர் மீது கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு தட்டினால் போய்விடும். அவள் வெட்டினதைவிடச் சுத்தமாகப் போய்விடும். ஆனால் அந்த நேரங்கள் எல்லாம் அவள் பொருத்தியதுதான், அதில் பொய் இல்லை. விட்டுவிட்டேன். கோப்பை இயக்குநருக்கு அனுப்பி, இனிமேல் எங்கே தமிழில் போட்டாலும் இதைப் போடுங்கள் என்று ஒரு வரி எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

மறுநாள் அந்தக் கடைசி வரிகளைப் போனில் எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்து, எழுத்துக் கூட்டித் தன் பேரைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அடுத்து என் பேரைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவதாக இருந்ததையும் படித்தார். "இது யாரு?"

"அவதான். என் சிநேகிதி."

"அவ பேர ஏன் வுட்டு வச்சிக்கீற?"

"அவளும் வேலை செஞ்சா இல்ல."

"அது கரீட்டு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். மீனைத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "அவ உன் பேர வுட்டாளா?"

சங்கரா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.